கருப்பண்ணன் பேரில் ஒரு மாடு

கருப்பண்ணன் இதுவரை மூன்று மாடுகளும் ஒரு டீசல் என்ஜினும் ஒரு தையல் மிஷினும் கடனுக்கு வாங்கியிருக்கிறார். அந்த மூன்று மாடுகளில் ஒன்றையும் அவர் கறந்ததில்லை. என்ஜினை எந்தப் பக்கம் சுற்றினால் ஓடும் என்று அவருக்குத் தெரியாது. தையல் மிஷினைப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி. எல்லாம் அவர் பேரில் வாங்கியவை, அவருக்காக வாங்கியவை அல்ல.

மலைமேல் வளப்பூர் நாட்டில் அவர் ஊர் பன்னிரண்டே வீடு. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு வீட்டில் தனிப்பட்டா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் நிலமெல்லாம் செத்துப்போன தாத்தாக்கள் பேரில் கூட்டுப் பட்டாவாகக் கிடந்தது. தாத்தாவைக் கூட்டிவந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று வங்கியில் சொல்லாத குறை. ஆகவே கடன் தேவைப்பட்டவர்கள், கடப்பாரை இரவல் கேட்கிற மாதிரி, கருப்பண்ணன் பேரை இரவல் கேட்டு வந்தார்கள். அவரும் கடப்பாரையை எடுத்துக் கொடுக்கிற மாதிரியே எடுத்துக் கொடுத்தார். கடன் இவர் பேரில், மாடு அவர்கள் கொட்டகையில். மாதம் பிறந்தால் தவணைப் பணத்தை இவர் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவர் பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வருவார். அந்தப் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். நான் கீழே இராசிபுரத்துக்காரி.

என் பெயர் விமலா. வீட்டுக்காரருக்கு மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை போட்டதால் மேலே வந்தவள். செம்மேட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், கொஞ்சம் முன்கோபம். இதுதான் என் முதல்.

போன ஐப்பசியில் ஒருநாள் கருப்பண்ணனும் அவர் மனைவி அத்தாயியும் வந்தார்கள். வங்கி மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டில் 'கிரெடிட் ரிப்போர்ட்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, இதொண்ணு எடுத்துத் தரச் சொன்னாருங்க."

"என்ன கடன் கேட்டீங்கண்ணா?"

"மிளகு உதிர்க்கற மிஷினுக்குங்க. இவளுக்குக் காலு ஆவுல."

அத்தாயி செருப்பைக் கழற்றாமல் நின்றார். மலையில் யாரும் கடைக்குள் செருப்போடு வருவதில்லை. வலது காலில் சுண்டுவிரல் இருந்த இடத்தில் தையல் தழும்பு மட்டும் இருந்தது. சர்க்கரை வியாதி. மிளகு அறுத்துவந்தால் குவித்துப் போட்டுக் காலால் மிதித்துத்தான் கொத்திலிருந்து மணியை உதிர்ப்பார்கள். நாள் கணக்கில் மிதிப்பதில் பாதம் எரிந்து தோல் உரியும். மற்றவர்களுக்கு உரிந்த தோல் வளர்ந்துவிடும், அத்தாயிக்குப் புண்ணாகி விரலே போய்விட்டது. வருகிற மாசியிலும் மிதித்தால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா கண்டித்துச் சொல்லியிருந்தார். கருப்பண்ணன் ஒருத்தர் மிதித்து மாளாது. மாசியில் கூலிக்கும் ஆள் கிடைக்காது, எல்லார் வீட்டிலும் அப்போது மிளகுதான். மிஷினுக்குப் பாதி விலையை அரசாங்கம் மானியமாகத் தருகிறது. மீதிக்கு வங்கிக் கடன் மஞ்சூரான கடிதத்தை ஜனவரி முடிவதற்குள் வேளாண்மை ஆபீசில் கொடுத்தாக வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

ரிப்போர்ட்டை எடுத்தேன். ஐந்து கடன்கள். என்ஜின், தையல் மிஷின், இரண்டு மாடு என்று நாலும் ஒழுங்காகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. பேரை இரவல் வாங்கியவர்கள் அழுக்குப்படாமல்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருந்தது. ஐந்தாவதைப் பார்த்ததும் ஆச்சரியம் போய்விட்டது. 2010இல் கறவை மாட்டுக் கடன், இருபத்து நாலாயிரம். 2014இல் வாராக்கடன் என்று எழுதித் தள்ளியது. வட்டியோடு இன்றைக்கு நிலுவை எண்பத்து மூவாயிரத்து நானூற்று அறுபது.

"இது நம்ம வேல்முருகன் மாடுங்க," என்றார் கருப்பண்ணன், தெரிந்தவர்களைப் படத்தில் பார்த்த மாதிரி.

வேல்முருகன் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து கூட்டாளி. மாடு வாங்கி ஒன்பது மாதம் ஒன்பது தவணை, மாதம் ஆயிரம், நாள் தவறாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பத்தாவது மாதம் மேயப் போன மாடு பள்ளத்தில் விழுந்து செத்தது. அடுத்த வருடம் மிளகு பறிக்கச் சாத்திய ஏணி சறுக்கி வேல்முருகனும் செத்தார். கருப்பண்ணன் வங்கிக்குப் போய் மாடும் இல்லை, ஆளும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கணக்கை எழுதித் தள்ளியாயிற்று, இனி யாரும் கேட்க வரமாட்டார்கள் என்று அன்றைக்கு இருந்த கிளார்க் அதைப் படித்துச் சொன்னாராம். யாரும் வரவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சின்ன வங்கியைப் பெரிய வங்கி ஒன்று எடுத்துக்கொண்டது. அவர்கள் பழைய பேரேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பள்ளத்தில் கிடந்த மாடு எழுந்து வந்து இவர் பேரில் நின்றுகொண்டது.

மேனேஜர் செந்தில்நாதன் கீழிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மாதிரி. போனில் கேட்டேன். இந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் இருக்கிறவரை தன்னால் ஐந்து பைசா தர முடியாது, தப்பான வரி என்றால் இணையத்தில் ஆட்சேபணை போடுங்கள், முப்பது நாளில் பதில் வரும் என்றார்.

ஆட்சேபணைப் பக்கத்தில் மூன்று கட்டங்கள். இந்தக் கணக்கு என்னுடையது அல்ல. தொகை தவறு. ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டேன். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை.

"மொதல் கட்டம்தாண்ணா. உங்க மாடு இல்லை, நீங்க ஒரு சொட்டுப் பால் கறக்கலை."

"கையெழுத்து என்னுதுதானுங்களே."

"அதுக்கும் கீழே எடம் விட்டிருக்கான். உங்க பேரைப் பயன்படுத்தினவர் யாருன்னு எழுதச் சொல்றான். வேல்முருகன்னு எழுதிட்டா முடிஞ்சுது. செத்தவரை யார் வந்து கேக்கப்போறாங்க?"

"சென்னம்மா இருக்குதுங்களே," என்றார்.

சென்னம்மாள் வேல்முருகனின் மனைவி. பிள்ளை குட்டி இல்லை. அதே பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அவரிடம் போய் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். "வேல்முருகன் என்னைய ஏமாத்துனான்னு ஆயிருமுங்க அது," என்றார் கருப்பண்ணன். டீ குடித்துவிட்டு வாரேன் என்று எழுந்து போய்விட்டார்.

நான் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அவர் டீக்கடையில் இருக்கும்போது முதல் கட்டத்தில் டிக் போட்டேன். கீழே வேல்முருகன் என்று தட்டினேன். அவர் திரும்பி வந்தபோது அவருடைய போனில் ஓடிபி வந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் ஆட்சேபணை உள்ளே போகும். பத்து நிமிடம்தான் செல்லும்.

"போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்கண்ணா."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். நம்பர் படிக்க அவருக்கு நன்றாகவே தெரியும். சந்தையில் தராசு முள்ளைப் பார்த்தே வியாபாரியை நெளிய வைப்பவர்.

"எந்தக் கட்டத்துல போட்டீங்க?"

"நம்பரைச் சொல்லுங்க."

"எந்தக் கட்டம்னு கேட்டனுங்க."

"மொதல்து."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. ஊருக்கெல்லாம் பேரை வாரிக் கொடுத்துவிட்டு இப்போது ஒரு நம்பரைக் கொடுக்க இவ்வளவு கஞ்சத்தனமா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது நிமிடம், எட்டு நிமிடம். அவர் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நான் அத்தாயி பக்கம் திரும்பினேன்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. போகப்போறது உங்க காலு. அவரு கால் இல்லை."

அத்தாயி தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"எங்க யமுனா பொறந்தப்ப எனக்குக் காய்ச்சல் வந்து பாலே இல்லாமப் போச்சு கண்ணு. பொழைக்காதுன்னுட்டாங்க. அந்த மாட்டுப் பாலு காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு சென்னம்மா கொண்டாந்து வெச்சுட்டுப் போகும். மாடு சாகற வரைக்கும். ஒரு ரூவா வாங்குல."

"அது வேறக்கா, கடன் வேற."

"எப்படி வேற? அந்தப் பாலை வித்திருந்தா மாடு செத்ததுக்கப்பறமும் அவரு கட்டியிருப்பாரு. எம் புள்ள ஒடம்புல இருக்குது கண்ணு அந்தக் காசு. எங்களுது இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

யமுனாவை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வருமானச் சான்றிதழுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிவிட்டுப் போகிறவள்.

நேரம் முடிந்து திரை பழைய பக்கத்துக்கே போனது. பிரிண்டரைத் திறந்து, இருந்த பேப்பரை வெளியே எடுத்து, தட்டி, மறுபடி உள்ளே வைத்தேன். பிறகு உட்கார்ந்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். தொகை தவறு. அது பொய் இல்லை. கட்டிய ஒன்பது தவணையை வங்கிக்காரர்கள் கழிக்கவே இல்லை. இந்த முறை கருப்பண்ணன் ஓடிபியைக் கணீரென்று இரண்டு தடவை படித்தார்.

ஒன்பது தவணை கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். இருக்கிறது என்றார். மறுவாரம் கொண்டுவந்தார். மலையில் கரையான் தின்னக்கூடாத எதையும் அடுப்புக்கு மேலே பரணில்தான் போடுவார்கள். விதைச் சாமையும் அங்கேதான், பட்டாவும் அங்கேதான். வங்கிச் செலான்களும் பதினாலு வருடம் அங்கேயே இருந்திருக்கின்றன. கரையான் தொடவில்லை. புகை தொட்டிருந்தது. ஒன்பது கறுப்புக் காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "எல்லாம் இருக்குதுங்களா, எண்ணிக்கோங்க," என்றார்.

ஸ்கேன் செய்தேன். ஒன்பது கறுப்புப் பக்கங்கள் வந்தன. அதையே அனுப்பினேன். முப்பதாம் நாள் பதில்: ஆவணம் தெளிவாக இல்லை. அவர் ஊரில் சிக்னல் கிடையாது. பதில் வந்தது அவர் செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் அவருக்கே தெரியும். இறங்கியதும் நேராக என்னிடம் வந்து போனை நீட்டுவார். நான் படித்துச் சொல்வேன். அவர் "அப்படீங்களா" என்பார்.

நாலு நாள் ரப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செலானாகத் தேய்த்தேன். வீட்டுக்காரர் சோறு கேட்டபோதும் தேய்த்துக்கொண்டிருந்தேன். முத்திரையும் தொகையும் தெரிகிற அளவுக்கு வந்தன. மறுபடி அனுப்பினேன். மார்கழி கடைசியில் பதில்: வங்கி தன் தகவல் சரியானது என்று உறுதி செய்துள்ளது, தங்கள் ஆட்சேபணை முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும். நான் பூஜ்யம் கொடுக்கப் பார்த்தேன். ஒன்றுக்குக் கீழே அங்கே இல்லை.

செலான்களை எடுத்துக்கொண்டு நானே செந்தில்நாதனிடம் போனேன். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையைப் பார்த்துக்கொண்டார், கறுப்பாகியிருந்தது. கீழே நாமக்கல்லில் பழைய பேரேடுகள் மூட்டை கட்டிக் கிடக்கின்றன, தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி செய்தார். பேரேட்டில் ஒன்பது தவணையும் வரவு இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிட்டாராம். செந்தில்நாதன் எழுதிய கடிதத்தோடு மூன்றாவது ஆட்சேபணையைப் போட்டேன். ஜனவரி அதற்குள் முடிந்துவிட்டது. மானியம் அடுத்த வருடம்தான்.

மாசி பிறந்ததும் திருத்தம் வந்தது. எண்பத்து மூவாயிரம் இருபத்தோராயிரத்து இருநூறு ஆனது. அசல் பதினைந்தாயிரம், எழுதித் தள்ளிய நாள் வரைக்கும் வட்டி ஆறாயிரத்து இருநூறு. அதற்குப் பிறகு ஏற்றிய வட்டியையும் எடுத்துவிட்டார்கள்.

"சரியாப் போட்டுட்டாங்க," என்று கருப்பண்ணன் சந்தோஷப்பட்டார். கடன் கிடைக்கவில்லை, மானியம் போயிற்று, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

செந்தில்நாதன் அவரை உட்காரவைத்துப் பேசினார். "பழைய கடன்தானுங்க. பத்தாயிரம் கட்டுங்க, செட்டில்மென்ட்டுன்னு போட்டுக்கலாம். மேல பேசி வாங்கித் தரேன்."

"அப்ப மாடு முடிஞ்சிருமுங்களா?"

"முழுசா முடியாது. ரிப்போர்ட்டுல பாதி முடிஞ்ச மாதிரி காட்டும்."

"பாதி மாடு வேண்டாமுங்க," என்றார் கருப்பண்ணன்.

சோளக்காட்டுச் சந்தையில் மூன்று கிடாய்களை விற்றார். முழுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டினார். கணக்கு முடிந்ததென்று வங்கி கடிதம் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதை என்னிடம் கொடுத்த அன்றைக்கு அவர் செம்மேட்டுப் பக்கம் வரவில்லை. மிளகு நாள், வரமாட்டார். எனக்குக் கையில் வைத்துக்கொண்டு இருப்புக் கொள்ளவில்லை. கடிதத்தையும் செந்தில்நாதன் எடுத்துக் கொடுத்த புது ரிப்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு வளப்பூர் பஸ்ஸில் ஏறினேன். உள்ளூர ஒரு பயமும் இருந்தது. மிஷின் இல்லை. அப்படியென்றால் யார் மிதிக்கிறார்கள்?

அத்தாயி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை சாக்ஸ். கால்கள் தரையில் படாமல் ஒரு முக்காலிமேல் இருந்தன. களத்தில் கருப்பண்ணன் மிளகைச் சலித்துக்கொண்டிருந்தார். குவியலின் மேலே, குறுக்கே கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, சென்னம்மாள் மிதித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. பாதம் செக்கச் செவேலென்று இருந்தது.

"ஆறு நாளா இதேதானுங்க," என்று கருப்பண்ணன் என்னிடம் புகார் சொன்னார். "சொன்னாக் கேக்க மாட்டேங்குது. அதோட சொந்த மிளகு கொடியிலயே கெடக்குது."

"கெடந்தா எங்க போவுது," என்றார் சென்னம்மாள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கருப்பண்ணன் என்பவர் பெற்ற கடன் முழுமையாகச் செலுத்தப்பட்டுக் கணக்கு முடிக்கப்பட்டது. புது ரிப்போர்ட்டையும் பிரித்துக் காட்டினேன். ஐந்து வரியும் சுத்தமாக இருந்தன. அத்தாயி காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்னம்மாள் குவியலை விட்டு இறங்கி வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"கண்ணு, இதுல எங்கூட்டுக்காரரு பேரு எங்க இருக்குது?"

"இல்லீங்கக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

எனக்குப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அவருக்காக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துப் பார்த்தேன். "எங்கயும் இல்லைக்கா."

"இது புதுசு. பழைய காயிதத்துல?"

"அதுலயும் இல்லை. பேங்க் பேரேட்டுல இல்லை, நாங்க அனுப்புன புகார்லயும் இல்லை. ஒரு எடத்துலயும் யாரும் அவரு பேரை எழுதலை."

"கடன்காரன்னு?"

"எழுதலைக்கா."

சென்னம்மாள் கருப்பண்ணனைப் பார்த்தார். அவர் முறத்தில் இருந்த மிளகிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை.

"அந்த பேங்கு இருக்கற ரோட்டுல நான் கால் வெச்சுப் பதினாலு வருசமாச்சு கண்ணு," என்றார் சென்னம்மாள். "சந்தைக்குப் போனாலும் பின்னால காட்டு வழியில சுத்தித்தான் போவேன். பணங்கட்டாதவங்க பேரைச் செவுத்துல எழுதி ஒட்டுவாங்கன்னாங்க. அவரு பேரை அங்க ஒட்டியிருப்பாங்கன்னே இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அத்தாயி முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

சென்னம்மாள் அழுகையை நிறுத்தாமலே நிமிர்ந்து கத்தினார்.

"ஏ அத்தாயி, கீழ எறங்காத! மிளகு கெடக்குது!"